எடைக்குப் போட யாருக்கு உரிமை?



பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் வட்டாரத்து ஜமாஅத் ஒன்றின் சாமான் அறையில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கிறது. அதற்குள் வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் ஸ்டேஷன்கள் ஆறு. கைப்பேசி, மின்னணுப் பொருள்கள் பழுது நீக்கும் பயிற்சிக்காக ஸதகா நிதியிலிருந்து மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டவை பத்து. நான்கு இன்றும் வேலை செய்கின்றன. மற்ற ஆறும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சென்ற மாத நிர்வாகக் கூட்டத்தில், மூட்டையை அப்படியே காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, வெளிநாட்டிலுள்ள சகோதரர்களிடம் புதிதாக வசூல் செய்து பத்துக் கருவிகள் வாங்குவதென்று முடிவு செய்யப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் இருவர். முடிவு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் தேநீரும் சமோசாவும் வந்தன.

அந்த முடிவு தவறு என்கிறோம். ஜமாஅத்தின் பெயரையும் நிர்வாகிகளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எவரையும் நாணச் செய்வது நம் நோக்கமன்று. இந்த மூட்டை ஓர் ஊருக்கு மட்டும் உரியதுமன்று. தமிழகத்தில் எத்தனை மஹல்லாக்களின் சாமான் அறைகளில் நின்றுபோன தையல் இயந்திரங்களும், கணினிகளும், ஒலிபெருக்கிகளும் இதே போல் சாக்குக்குள் கிடக்கின்றன என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இந்தக் கருவியைக் கண்டிராத சகோதரிகளுக்காகச் சில வார்த்தைகள். பழைய நாள் சால்டரிங் அயர்ன் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகப்படுவது. செருகினால் சூடேறும், எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது. ஸ்டேஷன் எனப்படுவதோ ஒரு பெட்டியும் ஒரு கைப்பிடியும். வீட்டு மின்சாரத்தைப் பெட்டிக்குள் உள்ள மின்மாற்றி பெரும்பாலும் 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. கைப்பிடிக்குள் ஹீட்டரும் அதனுடன் ஒரு வெப்ப உணரியும் இருக்கின்றன. முனை எவ்வளவு சூடாயிருக்கிறதென்று உணரி சொல்ல, பெட்டி அதற்கேற்ப மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் சூட்டை ஒரே நிலையில் வைக்கிறது. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும். காரீயம் கலவாத புதுவகை ஏறத்தாழ 217 டிகிரியில். வேலை செய்யும்போது முனை 320 முதல் 350 டிகிரி வரை இருப்பது வழக்கம். 400ஐத் தாண்டினால் ஃப்ளக்ஸ் கருகும். பலகையில் ஒட்டியுள்ள மெல்லிய செம்புத் தடங்கள் உரிந்து எழும். ஓர் ஏழை ஓட்டுநரின் ஒரே கைப்பேசி அந்தப் பலகையாக இருக்கலாம். ஆகவே இந்தச் சூட்டுக் கட்டுப்பாடு ஆடம்பரமன்று. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது கைப்பிடிச் சுவர் போன்றது.

இனி, கூட்டத்தில் சொல்லப்பட்ட வாதங்கள். முதலாவது: புதியது ஒன்றின் விலை பெரிதன்று, இதை யார் உட்கார்ந்து பார்ப்பது? இரண்டாவது: மலையில் உதிரிப் பொருள் கிடைக்காது, மதுரைக்கோ கோவைக்கோ போய் வரும் பேருந்துக் கட்டணமே அதைவிட மிகும். மூன்றாவது, சற்று உணர்ச்சியோடு சொல்லப்பட்டது: ஏழைப் பிள்ளைகளுக்கு ஒட்டுப்போட்ட பழைய கருவியைக் கொடுப்பதா? நம் பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுப்போமா?

மூன்றாவது வாதத்துக்கு மதிப்பளிக்கிறோம். அதற்குப் பின்னர் வருவோம். முதலிரண்டையும் சொன்னவர்களுள் ஒருவர்கூட அந்தச் சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்திருக்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறோம்.

நாம் அவிழ்த்தோம். நிர்வாகியிடம் அனுமதி பெற்று, ஓர் இஷாவுக்குப் பின், பயிற்சியில் தேறிய இரண்டு பிள்ளைகளையும் ஒரு மல்டிமீட்டரையும் வைத்துக்கொண்டு மதரஸாத் திண்ணையில் அமர்ந்தோம். வெளியே பனி; கதவைச் சாத்தியும் சில்லென்று வந்துகொண்டிருந்தது. ஆறு கருவிகளையும் பார்த்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

முதல் பெட்டியில் விளக்கே எரியவில்லை. பின்புறம் மின்வடம் நுழையும் இடத்தருகே சிறு மூடியைத் திருகினால் கண்ணாடி ஃபியூஸ் வெளியே வரும். அதன் கம்பி அறுந்திருந்தது. மலையில் இடி மின்னலோடு மின்னழுத்தம் துள்ளுவது நமக்குப் புதிதா? அதே அளவுள்ள ஃபியூஸ் ஒன்று போட்டதும் பெட்டி எரிந்தது, சூடேறியது, நின்றது, மீண்டும் ஏறியது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். புதிய ஃபியூஸ் போகவில்லை. போயிருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று இருப்பதாகப் பொருள். அப்போது பெரிய ஃபியூஸைப் போட்டோ கம்பியைச் சுற்றியோ ஏமாற்றக் கூடாது. ஆக, மூன்று ஆண்டுகளில் ஒரு கருவி மூட்டைக்குப் போனதன் காரணம் பத்து ரூபாய்க் கண்ணாடிக் குழாய்.

இரண்டும் மூன்றும் ஒரே நோய். விளக்கு எரிகிறது, முனை சூடேறவில்லை. ஒன்றில் திரையில் பிழைக்குறி வேறு. இவை ஜப்பானிய ஹக்கோ 936 என்ற பழைய மாதிரியைப் பார்த்து உலகெங்கும் செய்யப்பட்ட வகை. அந்த நிறுவனம் அம்மாதிரியைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் அதன் நிழல்கள் சந்தையில் உலவுகின்றன; அதனாலேயே உதிரிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. கைப்பிடியின் வடம் ஐந்து ஊசிகள் கொண்ட செருகியில் முடிகிறது. பெட்டியிலிருந்து அதைக் கழற்றி, ஆறிய நிலையில், ஊசிகளுக்கிடையே மின்தடையை அளந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். மூல மாதிரியில் ஹீட்டர் 2.5 முதல் 3.5 ஓம் வரை, உணரி 43 முதல் 58 ஓம் வரை காட்ட வேண்டும். நிழல் மாதிரிகளில் உணரி வேறுவகையாக இருந்து ஓரிரு ஓம் மட்டும் காட்டுவதுமுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றை அளந்து ஒப்பிட்டால் ஐயம் தீரும். நம்முடையவற்றில் ஒன்றின் ஹீட்டர்ப் பக்கமும் மற்றொன்றின் உணரிப் பக்கமும் தொடர்பற்றிருந்தன. வடத்தைக் கைப்பிடியருகே வளைத்தபோது எண் வந்து வந்து போயிற்று. அவ்வளவுதான். பிள்ளைகள் வேலை முடிந்ததும் வடத்தைக் கைப்பிடி மீது இறுக்கிச் சுற்றி வைப்பார்கள். ஒரே இடத்தில் ஆயிரம் முறை மடங்கி உள்கம்பி அறுந்திருக்கிறது. மூன்று விரற்கடை வெட்டி, புதிதாகப் பற்றவைத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டு முடித்தோம். பற்றவைத்ததும் முன்னர்ப் பிழைத்த முதல் பெட்டியால்தான்.

நான்காவதன் மீது நமக்குச் சினம் வந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. முனை கரியாய்க் கறுத்து, ஈயம் பிடிக்காமல், உருகிய பற்று பாதரச மணிபோல் உருண்டு விழுந்தது. கேட்டபோது ஒரு பிள்ளை தயங்கிச் சொன்னான்: "அரத்தால தேய்ச்சேன் பாய், வாப்பா அப்படித்தான் செய்வாங்க." வாப்பா செய்தது சரி, அவர் காலத்து முனை வெறும் செம்பு, அரத்தால் தேய்த்துப் புதுமுகம் எடுப்பார்கள். இன்றைய முனை செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியது. அந்த மெல்லிய இரும்பே அதன் உயிர். ஒருமுறை அரம் பட்டால் உள்ளேயுள்ள செம்பைப் பற்று தின்றுவிடும், முனை குழியும். இந்த ஒரு வேற்றுமையை மூன்று மாதப் பயிற்சியில் யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. முனையின் விலை ஐம்பது, அறுபது ரூபாய்.

ஐந்தாவது கீழே விழுந்தது. பீங்கான் ஹீட்டர் நெடுக விரிந்திருந்தது. ஒட்ட முடியாது, மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஆகும். உதிரிப் பொருளுக்காக யாரும் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை, அஞ்சலில் வரும். புதுக் கருவிகளை மட்டும் அஞ்சலில் வரவழைக்கத் தெரிந்த நமக்கு ஹீட்டரை வரவழைக்கத் தெரியாதா?

ஆறாவதைப் பிழைக்கவைக்க நாம் முயலவில்லை. திறந்ததுமே மின்மாற்றியின் வார்னிஷ் கருகிய நெடி. மூன்று கால் செருகி இருந்தும், உள்ளே எர்த் கம்பி எதனுடனும் இணைக்கப்படாமல் தொங்கிற்று. செய்தவனே இணைக்காமல் விட்டிருக்கிறான். முனைக்கும் எர்த்துக்கும் இடையே தடை 2 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டிய கருவி இது. இல்லாவிட்டால் பலகையின் நுண்சில்லுகள் சாகும். மின்காப்பும் உடைந்தால் பிள்ளையே சாகலாம். அதை ஓரமாக வைத்துச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டோம். பழுது பார்ப்பதை வணக்கமாக்கிவிட்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம். உயிருக்கு ஆபத்தானதை ஒட்டவைத்து ஏழையின் கையில் கொடுப்பதும் ஒரு கொடுமையே. தனக்கும் பிறர்க்கும் தீங்கு கூடாதென்ற நபிமொழி நம் ஃபிக்ஹின் தூண்களுள் ஒன்று.

இவ்வாறாக ஆறில் ஐந்து. அன்றிரவே ஓடியவை மூன்று, முனைக்கும் ஹீட்டருக்கும் காத்திருப்பவை இரண்டு. ஐந்துக்கும் சேர்த்து ஆகும் செலவு புதிய கருவி ஒன்றின் விலையை எட்டாது. பழுது நீக்கும் தொழிலைக் கற்றுத் தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கும் கட்டடத்தில், பழுதான கருவிகளைப் பழுது பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த நூலில் உண்டு? ஒவ்வொரு கருவியும் நின்ற அன்றே மேசைமீது வைத்து, "ஏன் நின்றது, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லியிருக்கலாமே. நாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது வேறு: நின்றால் மூட்டை கட்டு, வசூல் புத்தகத்தை எடு.

இந்தப் பழக்கம் நம் முன்னோருடையதன்று. பெருநாளுக்கும் கந்தூரிக்கும் நிக்காஹ்வுக்கும் நெய்ச்சோறு ஆக்கிய செம்புத் தேக்சாக்கள் பள்ளிவாசல்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தால் தேக்சாவை யார் எறிந்தார்? ஈயம் பூசுபவர் வருவார். முற்றத்தில் குழி தோண்டித் துருத்தி வைப்பார். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். வெண்புகை கிளம்பிய இடத்தில் வெள்ளிபோல் பளபளப்பு நிற்கும். இன்று சால்டரிங் முனைக்கு நாம் செய்ய வேண்டியதும் அதே: வேலை முடிந்ததும் முனையில் கொஞ்சம் பற்றை உருக்கிப் பூசி அணைப்பது. நம் பாட்டிமார் அடுக்களையில் அறிந்திருந்த வேலை. வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் வேற்றுமை பார்த்து வாங்கவும் அவர்கள் அறிந்திருந்தார்கள்; சோற்றுப் பாத்திரத்தில் காரீயம் நஞ்சு.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் எனக் கண்டிக்கும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்து வசனத்தை நம்மில் பலர் திருமண விருந்துக்கு மட்டும் ஓதுகிறோம். ஆனால் நம் நினைவில் நிற்க வேண்டிய வேறு மூன்று நிகழ்ச்சிகள் உண்டு.

அனஸ் (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்களின் கிண்ணம் ஒன்று இருந்தது. அது உடைந்தபோது, விரிசல் கண்ட இடம் வெள்ளிக் கம்பியால் பிணைக்கப்பட்டது. புகாரியில் உள்ள செய்தி இது. பிணைத்தவர் நபியவர்களா, அனஸ் (ரழி) அவர்களா என்று விரிவுரையாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எவராயினும் சரி, விரிந்த கிண்ணம் எறியப்படவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டார்கள், அதில் பருகினார்கள்.

மைமூனா (ரழி) அவர்களின் விடுதலையளிக்கப்பட்ட பணிப்பெண்ணுக்கு ஸதகாவாக ஓர் ஆடு கொடுக்கப்பட்டது. அது செத்துப்போயிற்று. அவ்வழியே சென்ற நபியவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்கொண்டிருக்கலாகாதா என்று கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்றார்கள் தோழர்கள். தடுக்கப்பட்டது அதை உண்பதுதான் என்று பதில் வந்தது. இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. கவனியுங்கள்: அது ஸதகாப் பொருள், செத்தும்விட்டது, அப்போதும் மிஞ்சியிருக்கும் பயன் என்னவென்று கேட்டார்கள் நம் தலைவர். நம் மூட்டையில் இருப்பதும் ஸதகாப் பொருள்தான். ஐந்து சாகவே இல்லை.

மூன்றாவது, அபூதாவூதில் அனஸ் (ரழி) அறிவிப்பது. கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் ஏலம் விடப்பட்டு இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றில் வீட்டுக்கு உணவு; மற்றொன்றில் ஒரு கோடரி. அந்தக் கோடரிக்கு நபியவர்கள் தம் திருக்கரத்தாலேயே காம்பு மாட்டினார்கள். விறகு வெட்டி விற்றுவா, பதினைந்து நாள் உன்னைப் பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் பத்துத் திர்ஹத்தோடு வந்தார். தொழிற்கருவி தருமம் பற்றி மேடையேறும் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். காம்பை விட்டுவிட்டுக் கோடரியை மட்டும் சொல்கிறார்கள். கருவியை வாங்கிக் கொடுத்ததோடு சமுதாயத் தலைமையின் வேலை முடியவில்லை. அது ஓடும்படி பார்த்துக்கொள்ளும் கை அன்று தலைவரின் கையாகவே இருந்தது.

ஏழைக்குப் பழையதா என்ற வாதத்துக்கு இப்போது வருவோம். கண்ணை மூடிக்கொண்டன்றி நீங்களே ஏற்க மாட்டாத மட்டமானதைத் தருமமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்னும் கருத்துப்பட அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. அதற்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அளவுகோல் பழையது, புதியது என்பதன்று. நீங்கள் ஏற்பீர்களா என்பதே. சரிசெய்து, எர்த் பார்த்து, முனைச் சூட்டை அளந்து, ஒரு வாரம் ஓடவிட்ட கருவியை நாம் ஏற்போம். நம் கடை மேசையில் வைப்போம். கூட்டம் வாங்க நினைத்திருக்கும் மலிவு விலைப் புதுப்பெட்டியோ, ஆறாவது பெட்டியின் உடன்பிறப்பு. மட்டமானது எது? புது அட்டைப்பெட்டியும் பளபளப்பும் கொடுப்பவரின் புகைப்படத்துக்கு அழகு. வாங்குபவனுக்கு வேண்டியது எர்த்.

எடைக்குப் போடுதல் என்பதற்கு வருகிறோம். காயலான் கடை என்ற சொல்லே காயல்பட்டினத்து வணிகரிடமிருந்து வந்ததென்பார்கள். பழம்பொருள் வணிகத்தில் நம் சமுதாயத்தார் இன்றும் பலர். அது ஹலாலான, மதிப்புள்ள தொழில். நம் கேள்வி அவர்களை நோக்கியதன்று. எதை, எந்நிலையில், என்ன சொல்லி அவர்களிடம் தள்ளிவிடுகிறோம் என்பதே கேள்வி. இதை உலகத்தில் வேறெந்த ஊராரும் மறக்கலாம்; கொடைக்கானல்காரர்கள் மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, 1998இல் இந்துஸ்தான் லீவர் வசம் போயிற்று. சுடுகாய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சிகளை ஏற்றுமதிக்குச் செய்தது. உடைந்தவையும் தேறாதவையும் என்ன ஆயின? 2001ஆம் ஆண்டு மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழம்பொருள் கிடங்கில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளிப்பட்டது. குடியிருப்புகள் நிறைந்த இடம். பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர் மக்களும் திரண்டனர். தொழிற்சாலை அம்மாதமே நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. தங்கள் நோய்களுக்கும் சிலரின் மரணத்துக்கும் பாதரசமே காரணமென்று முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நிறுவனம் அதை மறுத்தே வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆலையை ஒட்டிய பாம்பார் சோலையின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்வது என்ற வழக்கு அதன் பிறகும் இழுத்தது. அந்தச் சோலையின் நீர் இறங்கிப் போவது கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு.

எடைக்குப் போட்டவர் கணக்கில் அது கண்ணாடி. வாங்கியவர் கணக்கிலும் கண்ணாடி. வெப்பத்தை அளக்கும் ஒரு சிறு கருவியின் கழிவு, எது என்னவென்று சொல்லப்படாமல் கைமாறியதால், ஒரு மலை நகரத்தின் பெயர் உலகச் செய்திகளில் நஞ்சோடு சேர்த்து எழுதப்பட்டது. நம் ஆறு பெட்டிகளையும் அதோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் சிரிப்பார்கள். அளவில் மிகைதான். செயலில் என்ன வேறுபாடு? நம் மூட்டையிலும் காரீயப் பற்றுப் படிந்த பலகைகள் உண்டு. பிவிசி உறையிட்ட செம்பு வடங்கள் உண்டு. செம்புக்காக அந்த உறையை எரிக்கும் புகை, அந்தக் கிடங்கின் பின்னால் குடிசையில் இருக்கும் குழந்தையின் மூச்சில் போகும். பெரும்பாலும் அதுவும் நம் மஹல்லாக் குழந்தையே. விற்கும் பொருளின் குறையை மறைத்து விற்பது முஸ்லிமுக்கு ஆகாதென்ற ஹதீஸ் பழம்பொருளுக்குச் செல்லாது என்று எந்த ஆலிம் சொன்னார்?

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடப்பில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். அதன்படி ஆறாவது பெட்டி ஒன்றை மட்டும் அடுத்தமுறை கீழே போகும் வண்டியில் அனுப்பினால் போதும்.

கொடைக்கானலின் இன்னொரு முகத்தையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1907இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், இருந்த கருவியைச் சீராக்கி வேலை வாங்கினார்; 1909இல் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் போக்கைக் கண்டறிந்தார்; அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மேகமில்லாத நாளெல்லாம் சூரியனைப் படமெடுக்கும் வேலை அங்கே 1904 முதல் நூறாண்டைக் கடந்து தொடர்ந்தது. கண்ணாடி மங்கினால் துடைத்தார்கள், தேய்ந்த பாகத்தை மாற்றினார்கள். அந்த மலைக்கு உதிரிப் பொருள் வராதென்று அவர்களும் சொல்லியிருக்கலாம். அப்போது மலைக்கு வண்டிச் சாலையே இல்லை.

கடைசியாக, யாரும் கூட்டத்தில் எழுப்பாத கேள்வி. இந்தக் கருவிகள் யாருடையவை? நிர்வாகிகளுடையவை அல்ல. தம்மாமிலோ துபாயிலோ கூடுதல் நேரம் வேலை செய்த ஒருவர், தம் மறைந்த தாயாரின் பெயரால் அனுப்பிய பணம் அது. அவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார். நிர்வாகம் அமானிதமாகப் பெற்றுக்கொண்டது. ஹனஃபி மத்ஹபோ ஷாஃபி மத்ஹபோ, தருமச் சொத்தைப் பராமரிக்காமல் பாழாக்கப் பொறுப்பாளருக்கு அனுமதி தந்த மத்ஹப் ஒன்றை நாம் அறியோம். பயன்படும் பொருளை எடைக்குப் போட்டுவிட்டு அதே கொடையாளியிடம், பழையவை எல்லாம் போய்விட்டன என்று சொல்லி மறுபடியும் கைநீட்டினால், அது வெறும் கவனக்குறைவு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. போய்விட்டன என்பது உண்மையன்று. போய்விட்டதா என்று பார்க்கவில்லை என்பதே உண்மை.

ஆகவே நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வசூல் அறிவிப்பை நிறுத்துங்கள். முனை ஒன்றும் ஹீட்டர் ஒன்றும் வாங்க ஆகும் தொகையைப் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். மனமில்லையேல் சொல்லுங்கள், அந்தத் திண்ணையில் அமர்ந்த மூவரே போட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் எண்ணிட்டு, என்று நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தோம் என்று எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். பயிற்சிப் பிள்ளைகளே அதை எழுதட்டும். இத்தனைக்கும் பிறகு உண்மையாகவே கருவி போதவில்லையென்றால், நல்ல எர்த் உள்ள, உதிரிப் பொருள் கிடைக்கும் ஒன்றிரண்டை வாங்குங்கள். கொடையாளியிடம் கணக்கோடு சென்று கேளுங்கள், அவரும் மகிழ்ந்து கொடுப்பார், இன்ஷா அல்லாஹ்.

சரியான மூன்று பெட்டிகளும் இப்போது மதரஸா அலமாரியில் இருக்கின்றன. மற்ற மூன்றும் அதே சாக்கில், சாமான் அறையில். சாவி நிர்வாகியிடம். எடைக்காரர் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.